பள்ளிக்கரணையில் பறவை பார்க்க: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மழை ஓய்ந்ததும் சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பற்றிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நவம்பரில் வலசைப் பறவைகள் வந்துவிடும் என்று படித்துவிட்டுக் குடும்பத்தோடு போனோம். கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்தான். ஏன்?

மாதத்தைப் பார்த்துப் போயிருக்கிறீர்கள், அதான். சென்னையில் பறவை பார்க்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்பதைத்தான். ஒவ்வொரு நீர்ப்பறவையும் அதன் காலும் கழுத்தும் அனுமதிக்கிற ஆழத்தில்தான் இரை தேடும். கொசு உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவைக்கு ஈரச் சேறு போதும், விரற்கடை தண்ணீருக்கு மேல் போனால் அதற்கு வேலையில்லை. நெடுங்கால் உள்ளான் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும், பூநாரை அதையும் தாண்டி நிற்கும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி மாதிரியான வாத்துகள் நீந்தினாலும் முழுதாக மூழ்கி இரை எடுப்பது அரிது. தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி, கழுத்து எட்டுகிற ஆழம் வரைதான் மேயும். ஆழமான தண்ணீரில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் கூழைக்கடாவும்தான் பிழைக்கும்.

நம் சதுப்பு நிலம் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீரை வாங்குகிறது. சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்து இங்கேதான் வந்து சேரும். வெளியேறுவதோ பெரும்பாலும் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு. அதனால் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில் நவம்பர், டிசம்பரில் இடமே கடலாக நிற்கும். உள்ளான்கள் செப்டம்பருக்கு முன்பே தமிழ்நாட்டுக்கு வந்து சேர ஆரம்பித்தாலும், ஆழம் குறைந்த வேறு இடம் தேடிப் போயிருக்கும். பொங்கலை ஒட்டித் தண்ணீர் வடிந்து ஓரங்களில் சேறு தெரிய ஆரம்பிக்கும் பாருங்கள், அப்போது வாருங்கள். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மழை ஏமாற்றிய வருடமென்றால் டிசம்பரிலேயே கூட்டம் கூடிவிடும்.

கேள்வி: மேடம், எங்கே நின்று பார்ப்பது? 200 அடி ரேடியல் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்தத் துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையில் வண்டிகள் போகிற வேகத்தில் பைனாகுலரும் கையுமாக ஓரத்தில் நிற்பது ஆபத்து. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் வனத்துறையின் சூழல் பூங்கா இருக்கிறது, நடைபாதை உண்டு, அங்கிருந்தே நிறைய பார்க்கலாம். வேளச்சேரி வரை பறக்கும் ரயிலில் வந்து பஸ் பிடித்துக்கொள்ளலாம். திறக்கும் நேரத்தை மட்டும் கிளம்புமுன் விசாரித்துவிடுங்கள்.

ஒரு விஷயம், இது பலருக்கும் தோன்றுவதில்லை. பூங்கா சதுப்பு நிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது, நீங்கள் கிழக்கே பார்த்து நிற்பீர்கள். அதிகாலையில் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும், நிறமும் தெரியாது, படமும் தேறாது. மாலை நான்கு மணிக்கு மேல் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருந்து வரும். அப்போது பாருங்கள் நீலத் தாழைக்கோழியின் நிறத்தை. பறவை பார்ப்பதென்றால் காலைதான் என்கிற பொது விதியை இங்கே மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெள்ளையாக இருப்பதெல்லாம் கொக்குதானே அக்கா? என் பெண் கேட்கிறாள், எனக்கே சொல்லத் தெரியவில்லை.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். அலகையும் காலையும் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. தண்ணீருக்குள் நின்றால் பாதம் தெரியாது, காலைத் தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். குட்டையான மஞ்சள் அலகோடு மாட்டுக்குப் பக்கத்தில் நடந்தால் உண்ணிக்கொக்கு. பெரிய கொக்குக்கு நீண்ட கழுத்து, நடுவில் முறித்து வைத்த மாதிரி ஒரு வளைவு இருக்கும், வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். இடைப்பட்ட உயரம், மஞ்சள் அலகின் நுனி கறுப்பு, வாய்க்கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது என்றால் நடுத்தரக் கொக்கு.

வரப்பில் மண்ணோடு மண்ணாகப் பழுப்பாக உட்கார்ந்திருந்துவிட்டு, பறக்கும்போது திடீரென்று வெள்ளை இறக்கை காட்டுவது மடையான். அப்புறம், உடம்பு வெள்ளை, தலையும் கழுத்தும் மொட்டைக் கறுப்பு, அலகு கீழ்நோக்கி வளைந்திருந்தால் அது கொக்கே இல்லை, அரிவாள் மூக்கன்.

கேள்வி: ஃபிளமிங்கோ எப்போது வரும்? தேதி தெரிந்தால் லீவு போட வசதியாக இருக்கும்.

தேதி சொல்ல முடியாது. பூநாரைகள் இந்தியாவில் கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் ரண்ணில். மற்ற நாட்களில் எங்கே தண்ணீர் சரியான ஆழத்தில் இருக்கிறதோ அங்கே அலையும். பள்ளிக்கரணையில் தண்ணீர் நன்றாக வற்றிய பிறகு வரும், கோடை வரை தங்குவதும் உண்டு. இங்கே இல்லையென்றால் கோவளம்–கேளம்பாக்கம் சாலையை ஒட்டிய உப்பங்கழியைப் பாருங்கள், பழவேற்காடு ஏரியும் இருக்கிறது. கூட்டத்தில் சாம்பலும் அழுக்கு வெள்ளையுமாகச் சில நிற்கும், அவை இளசுகள். இரையிலிருக்கும் நிறமிகள் உடம்பில் சேரச் சேரத்தான் சிவப்பு ஏறும், அதற்குச் சில வருடங்கள் ஆகும்.

கேள்வி: பைனாகுலர் 8×42 நல்லதா, 10×50 நல்லதா?

8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பு குறையும், பறக்கிற பறவையைப் பிடிப்பதற்குள் அது போய்விடும். வாங்குமுன் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு மாலை பார்த்துவிடுங்கள். கேமரா அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: குளிர் தாங்காமல்தானே இவ்வளவு தூரம் வருகின்றன?

குளிர் ஒரு பகுதிதான். இறகுக்கு அடியில் இருக்கிற மென்தூவி நல்ல போர்வை. ஆனால் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் ஏரியும் சேறும் உறைந்து போனால் உள்ளான் அலகை எதில் குத்தும்? பூச்சி இல்லை, புழு இல்லை. அதே மாதங்களில் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்பிவிட்டுப் போகிறது. வடக்கே இரை முடிகிற நேரமும் இங்கே இரை பெருகுகிற நேரமும் ஒத்துப்போகின்றன. ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை குஞ்சு பொரிக்கத் திரும்பிவிடும். மத்திய ஆசிய வலசைப் பாதை என்று ஒரு வழித்தடம், அதன் தென்கோடிப் பகுதியில் நாம் இருக்கிறோம்.

கேள்வி: பெருங்குடி குப்பைமேட்டுக்குப் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் பறவை இருக்கிறதே மேடம். அப்படியென்றால் இடம் நன்றாகத்தானே இருக்கிறது?

இந்த வாதத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும், உங்கள் மேல் இல்லை. பறவை வருவது இடம் நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது, போக வேறு இடம் இல்லை என்பதற்கும் சான்றாக இருக்கலாம். எத்தனை பறவை என்பதோடு எந்தப் பறவை என்றும் கேளுங்கள். நெடுங்கால் உள்ளான் சாக்கடைத் தண்ணீரிலும் சமாளிக்கும், அது மட்டும் பெருகினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. நீளவால் இலைக்கோழிக்கு மிதக்கும் இலைகள் வேண்டும், அதன் மேல்தான் நடக்கும், முட்டையிடும். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை வேண்டும். இந்த மாதிரி ஒரு குறிப்பிட்ட தேவை உள்ள பறவைகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால்தான் இடத்தின் நிலை தெரியும்.

2022-ல் பள்ளிக்கரணைக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, சுமார் 1,248 ஹெக்டேருக்கு. ஆனால் அங்கீகாரம் வந்ததும் குப்பையிலிருந்து கசிகிற நீர் நின்றுவிடாது, கழிவுநீர் வருவதும் நிற்காது. வேளச்சேரியிலும் மடிப்பாக்கத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது நாம் புலம்பினோம் அல்லவா, அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டிய இடம் இதுதான். பறவைக்காக வேண்டாம், உங்கள் வீட்டுத் தரைக்காகவாவது இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முட்டி வலி, குழந்தைகள் இரண்டு பேர். வேடந்தாங்கலா, பள்ளிக்கரணையா?

வேடந்தாங்கல். பறவைகள் மரத்தில் பக்கத்திலேயே கூடு கட்டியிருக்கும், கரையிலிருந்தே தெரியும், அம்மா உட்கார்ந்து பார்க்கலாம். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா எல்லாம் அங்கே இனப்பெருக்கம் செய்கின்றன, குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்த்தால் குழந்தைகள் நகரமாட்டார்கள். அங்கேயும் தண்ணீர் முக்கியம். மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் கூட்டுக்குப் பாதுகாப்பு, ஏரி நிரம்பாத வருடத்தில் கூட்டம் குறைந்துவிடும். ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பதையும் குழந்தைகளிடம் சொல்லுங்கள். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது, 1798-லேயே அந்த ஊர் மக்கள் கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். வாத்துகள் பார்க்க ஆசையென்றால் பக்கத்தில் கரிக்கிலி ஏரி.

கேள்வி: பொரி, பிஸ்கட் போடலாமா?

கூடாது.

கேள்வி: பழுப்பாகச் சின்னச் சின்ன உள்ளான்கள், எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

விடாதீர்கள். முதலில் இரண்டே இரண்டைக் கற்றுக்கொள்ளுங்கள். முதுகில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்து, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், பறந்தால் முதுகின் கீழ்ப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தால் பொறி உள்ளான். பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு, தோளுக்கும் மார்புக்கும் நடுவே வெள்ளை ஒரு ஆப்பு மாதிரி ஏறியிருந்தால் சாதாரண உள்ளான். அது தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, இறக்கையை விறைப்பாக வைத்துப் பறக்கும். இந்த இரண்டும் பழகிவிட்டால், "இது அது இல்லையே" என்று மூன்றாவது தானாகக் கண்ணில் படும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள், பத்து இடம் சுற்றுவதைவிட அதில்தான் கண் தேறும்.

கேள்வி: பறக்கிற படம் வேண்டும் என்று சிலர் கல் எறிகிறார்கள், கை தட்டுகிறார்கள். சொன்னால் கேட்பதில்லை.

கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், அங்கே இருக்கிற வனத்துறை ஊழியரிடமும் சொல்லுங்கள். மார்ச்சில் அந்தப் பறவைகள் திரும்பிப் போகும் பயணத்துக்காக உடம்பில் கொழுப்பு சேர்க்கும். நாம் ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் மேய்கிற நேரம் போகிறது, சேர்த்ததும் செலவாகிறது. ட்ரோனும் வேண்டாம், பருந்து என்று நினைத்து மொத்தக் கூட்டமும் எழும்பும். கூட்டின் இடத்தைப் படத்தோடு ஊருக்கெல்லாம் அறிவிக்காதீர்கள்.

கேள்வி: எண்ணிக்கை எடுப்பதில் நானும் சேரலாமா? எனக்கு ஐம்பது பறவை பெயர்கூடத் தெரியாது.

தாராளமாக. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். இ-பேர்ட் செயலியில் கணக்கு தொடங்கி, ஒரு இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததையும் கேட்டதையும் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். மொட்டை மாடியும் கணக்கில் சேரும். காகம், மைனா என்று எதையும் விடாதீர்கள். அடையாளம் தெரியாததை ஊகித்து எழுதாமல் "வாத்து இனம்", "உள்ளான் இனம்" என்று போடலாம், செயலியிலேயே அதற்கு இடம் உண்டு. முதல் தடவை பள்ளிக்கரணையில் எடுக்க நினைத்தால் பழகியவர் ஒருவரோடு வாருங்கள். நூறு நூறாக நிற்கிற வாத்துக் கூட்டத்தைப் பத்துப் பத்தாகக் கண்ணால் பிரித்து எண்ணும் முறையை நேரில் காட்டினால் சட்டென்று பிடிபடும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள், பளிச் சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம்.