ஊக்கு, ஊக்குவி – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளி ஆண்டு மலருக்காக ‘மாணவர்களை ஊக்குவித்த பெற்றோருக்கு நன்றி’ என்று எழுதியிருந்தேன். சக ஆசிரியர் ஒருவர் ‘ஊக்கு என்றாலே போதும், ஊக்குவி தப்பு’ என்று அடித்துவிட்டார். அவர் சொல்வது சரியா? ஊக்குவிப்பதும் உசுப்பேற்றுவதும் ஒன்றுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அடித்ததை மறுபடி எழுதிவிடுங்கள். ‘ஊக்குவித்த’ சரிதான்.

உங்கள் நண்பர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ‘ஊக்கு’ பழைய வினை, பிறரைத் தள்ளிவிடுவதற்கும் வந்திருக்கிறது. கபிலர் பாடிய கலித்தொகை 37-ஆம் பாட்டில் ஒருவன் பல நாளாக வந்து பார்த்துவிட்டு, மனதில் உள்ளதைச் சொல்லாமலே போகிறான். ஊசலாடும் பெண் அவனிடம் ‘ஐய! சிறிது என்னை ஊக்கி’ என்கிறாள். ஐயா, கொஞ்சம் ஆட்டிவிடுங்கள் என்று அர்த்தம். அவன் ஆட்ட, கை நழுவியதுபோல் பொய்யாக அவன் மார்பில் விழுகிறாள். (மிச்சத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள், ஆண்டு மலருக்கு ஆகாது.)

வள்ளுவரிடம் வந்தால் ஊக்குதல் ஒருவன் தானாக முனைவது. ‘நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந்து ஊக்கின் உயிர்க்கிறுதி ஆகி விடும்’ என்பது 476-ஆம் குறள். கிளை நுனிவரை ஏறியவன் அதற்கு மேலும் ஏற முனைந்தால் உயிர் போகும். அவனை யாரும் பின்னாலிருந்து தள்ளவில்லை. ஊக்கமுடைமை அதிகாரத்து ஊக்கமும் உடையவனின் சொந்தச் சொத்துதான். தானே முனைவது ஊக்குதல் என்றால், அவனை முனைய வைப்பது ஊக்குவித்தல். செய், செய்வி மாதிரி. அப்புறம் இன்னொன்று, ‘பெற்றோர் ஊக்கினார்கள்’ என்று இன்று அச்சிட்டால் பாதிப் பேருக்குச் சேலையில் குத்தும் ஊக்குதான் ஞாபகம் வரும்.

உசுப்பேற்றுவது வேறு சங்கதி. வெறும் உசுப்புதல் தூங்குகிறவனை எழுப்புவது, அதில் குற்றமில்லை. ‘ஏற்று’ சேர்ந்ததும்தான் வம்பு. ஏற்றிவிட்டவன் பத்திரமாகக் கீழே நின்று வேடிக்கை பார்க்கிறான் என்ற தொனி வந்துவிடுகிறது. நுனிக்கொம்பில் நிற்பவனைப் பார்த்து ‘இன்னும் மேலே போ’ என்று கத்தினால் அதுதான் உசுப்பேற்றல்.

மலரில் விளையாட்டு விழாப் பக்கமும் இருக்குமே? அங்கே கைதட்டிக் கூச்சலிட்டவர்கள் ‘உற்சாகப்படுத்தினார்கள்’, அவ்வளவு போதும். விடியற்காலையில் எழுந்து பிள்ளையைத் தினமும் மைதானத்துக்குக் கூட்டிப்போன அம்மாவுக்கு ‘ஊக்குவித்தார்’ என்று போடுங்கள்.