திருநெல்வேலிச் சீமைக்கு வந்த மிஷனரிக் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

பிரசங்கம், ஞானஸ்நானம் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். வீட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன்.

இடையன்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். தேரி எனும் செம்மணல் மேடும் பனங்காடும் சூழ்ந்த அந்த ஊருக்கு மிஷனரி ராபர்ட் கால்டுவெல் 1841-இல் வந்தார். 1844-இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரி மால்ட் தம்பதியின் மகள். இந்தப் பக்கத்திலேயே பிறந்தவர், சிறு வயதிலிருந்தே தமிழ் பேசியவர். ஊர்ப் பெண்களிடம் பழக அது எவ்வளவு உதவியிருக்கும்! பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். அம்மா மார்த்தா நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் பின்னலை இங்கேயும் கற்றுக்கொடுத்தார். அது பெண்கள் கையில் நாலு காசு புரளவைத்த வேலை. என்னைக் கேட்டால், கணவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலுக்கு இணையாகப் பேசவேண்டிய சங்கதி இது.

ஆண்களுக்குக் கிராமம் கிராமமாகச் சுற்றுவதும், உபதேசியார்களை (ஊர்ச் சபைகளில் போதித்த உள்ளூர் ஊழியர்களை) கூட்டிக் கணக்குக் கேட்பதுமே பாதி வாழ்க்கை. கோடைக்குக் குற்றாலம், பிற்பாடு கொடைக்கானல். பல குடும்பங்களுக்குப் பெரிய துக்கம், பிள்ளைகளைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு வருஷக்கணக்கில் பிரிந்திருப்பதுதான். கப்பல் தபாலே துணை.

டோனாவூர் வேறு கதை. 1901-இல் அதே சீமையிலுள்ள அந்த ஊரில் குடியேறிய அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் மணம் செய்துகொள்ளவில்லை. சேலை கட்டினார், ஆதரவற்ற பிள்ளைகளையே குடும்பமாக்கிக்கொண்டார். 1951-இல் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை.