ரூம் கூடினால் கூட்டமும் கூடுமா? டிஸ்னி வேர்ல்ட் கேள்வி பதில்

டிஸ்னி வேர்ல்ட் பார்க்க அமெரிக்காவின் ஆர்லாண்டோவுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகளில் ஹோட்டல், கூட்டம் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். டிக்கெட் விலை பற்றிப் பிறகு பேசலாம்.

கே: அண்ணா, டிஸ்னி ஹோட்டல் மேல் ஹோட்டலாகக் கட்டுகிறது. பார்க் என்னவோ நாலுதான். தாங்குமா?

நாலாவது பார்க்கான அனிமல் கிங்டம் திறந்தது 1998-ல். அதன் பிறகு ஹோட்டல்கள்தான் வரிசையாக வந்தன: 2003-ல் 2,880 அறைகளோடு பாப் செஞ்சுரி, 2012-ல் 1,984 அறைகளோடு ஆர்ட் ஆஃப் அனிமேஷன், 2019-ல் ரிவியரா, 2024 டிசம்பரில் பாலினீசியன் ஹோட்டல் பக்கத்தில் ஒரு டவர்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிதாக 500 அறை, முக்கால்வாசிக்கு மேல் நிரம்பி, அறைக்கு மூன்று பேர் என்றால் சுமார் 1,200 பேர். நாலு பார்க்குக்கும் பிரித்தால் பார்க்குக்கு 300. நாலில் ஒன்றான மேஜிக் கிங்டத்துக்கு 2023-ல் சுமார் 1.77 கோடிப் பேர் வந்ததாக மதிப்பீடு. நாளொன்றுக்கு 48,000-க்கு மேல். அதில் 300 பேர் கண்ணுக்கே தெரியமாட்டார்கள். அந்த அறைகள் இல்லாவிட்டாலும் அவர்களில் பலர் வெளி ஹோட்டலில் தங்கி வந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: அப்போ ஹோட்டல் கூடுவதால் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, வேறு இடத்தில். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் எல்லோருக்கும் 2021-லிருந்து காலையில் அரை மணி நேரம் முன்கூட்டியே அனுமதி. மேஜிக் கிங்டத்தில் அந்த நேரத்துக்கு ஃபேன்டஸிலேண்டும் டுமாரோலேண்டும்தான் திறந்திருக்கும். உள்ளே வந்த பாதிப் பேர் நேராக செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெய்ன் ரைடுக்குத்தான் ஓடுவார்கள். காசு கொடுத்து நீள வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேனும் அப்படியே. ஹோட்டல்காரர்களுக்கு ஏழு நாள் முன்பே புக்கிங், மற்றவர்களுக்கு மூன்று நாள். சலுகை அதே அளவுதான், பங்காளிகள்தான் கூடிக்கொண்டே போகிறார்கள். சில இரவுகளில் கிடைக்கும் கூடுதல் நேரத்தை விலை கூடிய டீலக்ஸ் ஹோட்டல்களோடு நிறுத்திக்கொண்டதும் இதனால்தான் என்பது என் எண்ணம்.

கே: அனிமல் கிங்டம் 500 ஏக்கருக்கு மேல் என்கிறார்கள். அங்கே ஏன் நெரிசல்?

அந்த ஏக்கரில் பெரும்பகுதி விலங்குகளுக்கு. ஒரு பார்க்கின் கொள்ளளவை நிலம் தீர்மானிப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் ரைடுகள் எத்தனை பேரை ஏற்றி இறக்குகின்றன, நடைபாதையும் சாப்பாட்டுக் கடையும் எத்தனை பேரைத் தாங்குகின்றன என்பதுதான் கணக்கு. மேஜிக் கிங்டத்தில் டம்போ யானை ரைடின் வரிசை முன்பு நகரவே நகராது. 2012-ல் பக்கத்திலேயே இன்னொரு டம்போவை வைத்தார்கள், வரிசையில் நிற்க வேண்டிய பிள்ளைகள் விளையாட ஒரு கூடாரமும் போட்டார்கள். புது ரைடு இல்லைதான், ஆனால் கொள்ளளவு இரட்டிப்பு.

இதற்கு நேர்மாறாக, 2025 ஜூலையில் மேஜிக் கிங்டத்திலிருந்த ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற செயற்கை ஆற்றையும் அதன் நடுவிலிருந்த டாம் சாயர் தீவையும் மூடினார்கள். அந்தத் தீவுக்காக யாரும் டிக்கெட் வாங்கி வரவில்லை, உண்மைதான். ஆனால் பிள்ளைகளை ஓடவிட்டு அப்பா அம்மா உட்கார்ந்திருந்த இடம் அது. அந்த ஆட்களெல்லாம் இப்போது நடைபாதைக்கு வந்துவிட்டார்கள். புதுப் பகுதிகள் திறக்கும்வரை இப்படித்தான்.

கே: அம்மாவுக்கு முட்டி வலி. பாப் செஞ்சுரியா, ஆர்ட் ஆஃப் அனிமேஷனா?

இரண்டுக்கும் நடுவில் ஏரி, அதன் மேல் பாலம். ஸ்கைலைனர் கேபிள் காருக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே நிலையம்தான். அதாவது 4,864 அறைகளுக்கு ஒரே ஏறுமிடம். காலையில் வரிசை நீளமாக இருந்தாலும் பத்துப் பத்துப் பேராக ஏற்றிக்கொண்டு போவதால் சீக்கிரம் நகரும். பெட்டி முழுதாக நிற்காது. ஏறத் தயக்கமாக இருந்தால் ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். கரீபியன் பீச் ஹோட்டல் நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். மின்னல் அடித்தால் நிறுத்திவிடுவார்கள், அப்புறம் பஸ்தான். கட்டிலிலிருந்து நிலையம்வரை எவ்வளவு நடை என்று பார்த்து, பாலத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் அறை கேளுங்கள். ஹோட்டல் பெயரைவிட அதுதான் முக்கியம்.

கே: கூட்டம் அதிகமானால் கேட்டை மூடுவார்களா?

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் முன்பு படிப்படியாக மூடியதுண்டு. ஹோட்டலில் தங்கியவர்களுக்குக் கடைசிவரை முன்னுரிமை. இப்போது டிக்கெட்டே தேதி போட்டு விற்பதால் கட்டுப்பாடு முன்னாலேயே வந்துவிடுகிறது.

கே: யூனிவர்சலும் ஹோட்டல் கட்டுகிறதே, சார்?

டிஸ்னிக்குப் போட்டியான யூனிவர்சலில் பார்க்கோடு சேர்த்துக் கட்டினார்கள். 2025 மே 22-ல் எபிக் யூனிவர்ஸ் என்ற புது பார்க் திறந்தது. அதை ஒட்டி ஸ்டெல்லா நோவா, டெர்ரா லூனா என்று தலா 750 அறைகள், பார்க்கை ஒட்டியே ஹீலியோஸ் கிராண்டில் 500. இந்த மூன்றிலும் வரிசையைத் தாண்டும் இலவச எக்ஸ்பிரஸ் பாஸ் கிடையாது. அது போர்ட்டஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் என்ற மூன்று ஹோட்டல்களுக்கு மட்டும், அதுவும் எபிக்கில் செல்லாது. எபிக் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், எக்ஸ்பிரஸை நம்பி அந்த விலை கூடிய மூன்றில் ரூம் போடாதீர்கள்.