மனம் எட்டும் தொலைவு: உடலியங்கியல் கேள்வி பதில்

மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்து ஓய்வுபெற்று, நாகர்கோவிலில் வாழ்கிறேன். மனத்தால் உடலை மாற்ற முடியுமா என்று வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு எவரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குலசேகரம்: ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி நான். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. கையை அசைப்பதாக நினைத்துக்கொண்டாலே வலு குறையாது என்கிறார்களே, உண்மையா ஐயா?

பாதி உண்மை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்தவர்களின் மணிக்கட்டையே நான்கு வாரம் அசையாமல் கட்டிவைத்தார்கள். வெறுமனே இருந்தவர்கள் ஏறத்தாழ 45 விழுக்காடு வலுவை இழந்தார்கள்; தசையை இறுக்குவதாக முனைந்து கற்பனை செய்து பழகியவர்கள் 24 விழுக்காடுதான் இழந்தார்கள். வலு என்பது தசையின் பருமனை மட்டும் பொறுத்ததன்று. மூளை அத்தசையை எவ்வளவு முழுமையாக ஏவுகிறது என்பதையும் பொறுத்தது. கற்பனைப் பயிற்சி அந்த ஏவலை மங்கவிடாமல் காக்கிறது. ஆகவே தாராளமாகப் பழகுங்கள். கட்டுக்குள் கையைத் திருகிப் பார்க்காதீர்கள்.

மார்த்தாண்டம்: வயது 21. மனத்தில் உருவகித்து உயரத்தைக் கூட்ட முடியுமா?

முடியாது. எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடிய பிறகு, மனம் என்ன சொன்னாலும் கேட்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

தக்கலை: எங்கள் வர்ம ஆசான் நாடியை நிறுத்திக் காட்டினார். நானே மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், துடிப்பே இல்லை. மனத்தால் இதயத்தை நிறுத்தலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேண்டும். நீங்கள் பிடித்தது மணிக்கட்டை, இதயத்தையன்று. இதயத்தை நிறுத்துவோம் என்ற யோகிகளை வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகிய மூவரும் இந்தியாவில் கருவிகள் வைத்துச் சோதித்து 1961-இல் வெளியிட்டார்கள். மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் துடிப்பு மறைகிறது. மார்பில் வைத்துக் கேட்டாலும் ஒலி தேய்கிறது. ஆனால் இதய மின்வரைபடம் துடிப்பைப் பதிவு செய்துகொண்டே இருந்தது.

தக்கலை (மீண்டும்): அப்படியானால் ஆசானைப் பொய்யர் என்கிறீர்களா?

இல்லை. நாடி மறைந்தது மெய். இதயம் நின்றது என்று அதிலிருந்து நீங்கள் கொண்ட முடிவே பிழை. தசையையும் மூச்சையும் அவ்வளவு நுட்பமாக ஆளும் பயிற்சி எளிதன்று, அதை நான் மதிக்கிறேன். அக்குளில் எலுமிச்சம்பழத்தை இடுக்கி அதே வித்தையைக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஆசானை அவர்களோடு சேர்க்கவில்லை. வீட்டில் முயலாதீர்கள், மயங்கி விழுவீர்கள்.

இரணியல்: தியானத்தால் உயரம் கூடுமா?

மார்த்தாண்டத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குளச்சல்: மனப்பயிற்சி தொடங்கிய பின் இழுப்பு தணிந்ததாக உணர்கிறேன். இன்ஹேலரை விட்டுவிடலாமா?

கூடாது. 2011-இல் வெளியான ஆஸ்துமா ஆய்வில், மருந்துள்ள இன்ஹேலரைப் பயன்படுத்தியவர்களும் மருந்தில்லாத போலியைப் பயன்படுத்தியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு நிம்மதி கிடைத்ததாகச் சொன்னார்கள். ஊதச் சொல்லிக் கருவியில் அளந்தபோதோ, மருந்து மூச்சுத் திறனை 20 விழுக்காடு உயர்த்தியிருந்தது. போலி 7 விழுக்காடுதான், எதுவுமே கொடுக்காதபோதும் அதே 7 விழுக்காடுதான். நிம்மதியை மனம் தந்தது, மூச்சுக்குழாயை அது விரிக்கவில்லை. இன்ஹேலரை விடாதீர்கள், சர்க்கரை மாத்திரையையும் விடாதீர்கள்.

கருங்கல்: கண்ணின் நிறத்தை மாற்ற முடியுமா?

முடியாது.

கொட்டாரம்: என் மகள் உயரம் கூடவில்லை. மனப்பயிற்சி ஏதேனும் உண்டா?

உயரம் என்ற சொல்லைக் கண்டதும் தள்ளிவிட இருந்தேன்; வயது 9 என்று நீங்கள் கடைசியில் எழுதியிருந்ததால் நிறுத்தினேன். அவளுடைய தட்டுகள் இன்னும் திறந்தே இருக்கும். கொடுமைக்கும் அன்பின்மைக்கும் ஆளாகும் குழந்தைகள் சிலருக்கு வளர்ச்சி இயக்குநீர் குன்றுவதும், சூழல் மாறியதும் மீண்டும் வளர்வதும் மருத்துவம் அறிந்தவை. ஆனால் தைராய்டுக் குறைவு, குடல் நோய் எனக் காரணங்கள் பல. பள்ளியில் எடுத்த பழைய உயர அளவுகள் இருந்தால் எடுத்துக்கொண்டு இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.