கயானா: எண்ணெயும் சேறும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கயானா இன்னொரு குவைத் ஆகிவிட்டதாக ஒரு காணொளியில் பார்த்தேன். தென் அமெரிக்காவில் இருந்துகொண்டு ஆங்கிலம் பேசுகிறார்கள், வெஸ்ட் இண்டீசுக்குக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். நம்மவர்களும் அங்கே உண்டாமே? கொஞ்சம் விளக்குங்களேன்.

செல்வம்

அன்புள்ள செல்வம்,

எண்ணெயை அப்புறம் பார்ப்போம். முதலில் சேறு.

கயானா பிரிட்டன் தீவைவிடச் சற்றுப் பெரிய நாடு. மக்கள் எட்டு லட்சம் பேர்தான். பெரும்பாலோர் அட்லாண்டிக் கரையோரத்தில் ஒரு குறுகிய வண்டல் பட்டையில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். உள்ளே போனால் காடு, தெற்கே புல்வெளி. ஓதம் ஏறும்போது அந்தப் பட்டை கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். தலைநகர் ஜார்ஜ்டவுனும் அப்படித்தான். அங்கே கால்வாய்கள் கடலைத் தொடும் இடத்தில் மதகு இருக்கும். ‘கோக்கர்’ என்பார்கள், டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். கடல் வற்றும்போது கதவைத் தூக்கி ஊருக்குள் தேங்கிய மழைநீரை வெளியேற்றி, ஓதம் திரும்புமுன் இறக்கிவிட வேண்டும். மதகுக்காரர் கண்ணயர்ந்தால் தெருவில் உப்புத்தண்ணீர்!

இந்தக் கரும்புக் காட்டுக் கால்வாய்களுக்காகக் குறைந்தது 10 கோடி டன் மண்ணாவது புரட்டப்பட்டிருக்கும் என்று 1948இல் சர்க்கரைத் தொழிலை ஆராய்ந்த வென் கமிஷன் கணக்கிட்டது. பெரும்பகுதி ஆப்பிரிக்க அடிமைகள் மண்வெட்டியால் செய்த வேலை. நாடு ஆங்கிலேயர் கைக்குப் போனது, அடிமைமுறை ஒழிந்தது. 1838 முதல் 1917 வரை சுமார் 2,39,000 இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் வடக்கத்தியர். சென்னையிலிருந்து போனவர்கள் கொஞ்சம்தான். மொழி போய்விட்டது. மாரியம்மனும் தப்பு மேளமும் பெயர்களும் மிஞ்சின. 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. கிரிக்கெட்டில் வீராசாமி பெர்மாலைப் பார்த்திருப்பீர்கள்; அவர் பெருமாள்தான்.

அரசியலும் அந்தக் கப்பல்களிலிருந்து இன்னும் இறங்கவில்லை. இந்திய வம்சாவளியினருக்கு ஒரு கட்சி, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு ஒன்று. விதிவிலக்குகள் உண்டு, நாகமுத்துவே ஒன்று. 2020 மார்ச்சில் வாக்களித்தார்கள். எண்ணெய்ப் பணம் வரத் தொடங்கிய வேளை, விட்டுக்கொடுப்பார்களா? முடிவு பற்றிய தகராறு தீர்ந்து இர்ஃபான் அலி அதிபராகப் பதவியேற்க ஆகஸ்ட் ஆயிற்று.

இனி குவைத். குவைத்தின் எண்ணெய் அதன் சொந்தக் கம்பெனியிடம் இருக்கிறது. கயானாவில் 2015இல் ஆழ்கடலில் எண்ணெயைக் கண்டுபிடித்தது எக்ஸான்மொபில் என்ற அமெரிக்கக் கம்பெனி. 2019 டிசம்பரில் எடுக்க ஆரம்பித்தார்கள். ஒப்பந்தப்படி நூறு பீப்பாயில் 75 வரை செலவுக்கென்று கம்பெனிகள் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தில் பாதி அரசுக்கு, கூடவே 2 சதவீத ராயல்டி. கூட்டிப் பாருங்கள், அரசின் கைக்குப் பதினான்கரை. அப்படியிருந்தும் 2022இல் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது என்றால், அதுவரை அது எவ்வளவு சிறியதாக இருந்திருக்க வேண்டும்!

நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலமான எஸெகிபோ தன்னுடையது என்று வெனிசுவேலா சொல்லிவருகிறது. 1899இல் முடிந்ததாக நினைத்த தகராறு அது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.