குப்பையில் மின்சாரம், மாதம் மூன்று வீதம்: நம்பலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில். யாழ்ப்பாணத்தில் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரப்போகிறதாம். பத்து இலட்சம் போட்டால் அடுத்த மாதத்திலிருந்தே மூன்று வீதம் தருவார்களாம். சொல்வது உறவுக்காரத் தம்பி ஒருவர். கம்பனிப் பதிவுச் சான்றிதழும் காட்டினார். போடலாமா?

பதில்: போடாதீர்கள், ரீச்சர்.

தொழில்நுட்பம் பொய்யில்லை. கொழும்புக்குக் கிட்ட, கெரவலப்பிட்டியவில் 2021 முதல் 10 மெகாவாற் ஆலை ஒன்று ஓடுகிறது. அதற்கு நாளொன்றுக்கு அறுநூறு, எழுநூறு தொன் குப்பை வேண்டும். யாழ் மாநகர சபை கல்லுண்டாய்க் குப்பை மேட்டுக்கு ஏற்றுவது அதன் கிட்டவும் வராது. ஏற்றுவதிலும் பெரும்பகுதி சோறு, மரக்கறிக் கழிவு, வாழைத்தடல். அந்த ஈரத்தை உலர்த்தவே சூட்டில் ஒரு நல்ல பங்கு போய்விடும். ஆலை கட்டி எழும்ப ஆண்டுகள் பிடிக்கும். அடுத்த மாதமே வட்டி வந்தால், அது உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவரின் காசு.

அந்தச் சான்றிதழை நான் விடமாட்டேன். கம்பனிப் பதிவை யாரும் எடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு ஊரில் காசு திரட்ட முடியாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனி பொதுமக்களிடம் பங்கு விற்கக் கூடாது. பங்குதாரர் எண்ணிக்கையும் ஐம்பதைத் தாண்டக் கூடாது. வைப்பாக வாங்குவதென்றால் மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். தம்பியிடம் மூன்று தாள்களைக் கேளுங்கள்: குப்பை தருவதாக உள்ளூராட்சி மன்றம் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், நிலைபேறான வலுசக்தி அதிகாரசபையின் அனுமதி, மின் கொள்வனவு ஒப்பந்தம். பதிலுக்குப் 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்று ஒன்றை நீட்டுவார், யாரோ கைகுலுக்கும் படத்தோடு. அதை நம்பி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். தம்பி கெட்டவர் என்று சொல்லவில்லை; தலைக்கு இவ்வளவு என்று தரகு கிடைத்தால் நல்ல பிள்ளைகளும் கேள்வி கேட்பதில்லை.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சரிபார்க்க முடியுமா என்றால், முடியாது. பங்குக்கு ஓர் அலுவலகம், வைப்புக்கு வேறொன்று, குப்பைக்கு இன்னொன்று. கேட்டால் கொழும்புக்கு எழுதச் சொல்வார்கள். எச்சரிக்கை விளம்பரம் வருவதோ பெரும்பாலும் காசு போன பிறகு.

ஒன்றுக்கு மட்டும் விலக்குத் தருவேன்: சாண எரிவாயு, அதாவது சாணத்தைக் கரைத்து மூடிய தொட்டியில் புளிக்கவிட்டு எடுக்கும் வாயு. வளவில் நாலைந்து மாடு நின்றால் அது உண்மையாகவே பலன் தரும். ஏறத்தாழ 25 கிலோ சாணத்தில் ஒரு கனமீற்றர் வாயு வரும். நாளுக்கு இரண்டு கனமீற்றர் இருந்தால் ஒரு குடும்பத்தின் சமையல் முடியும். ஆனால் கட்டி வளர்க்கும் மாடாக இருக்க வேண்டும். மேயப் போகும் மாட்டின் சாணத்தில் பாதி தரவையிலேயே கிடக்கும். சாணத்தின் அளவுக்கே தண்ணீர் விட்டுக் கரையுங்கள். வெளியேறும் கரைசல் தோட்டத்துக்கு நல்ல பசளை. தொட்டியைக் கிணற்றடியில் கட்டவே வேண்டாம், எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் கசிவு நேரே கிணற்றில் இறங்கும். வாயுவை அடுப்பில் எரியுங்கள், அவ்வளவுதான். அதில் மின்சாரமும் எடுக்கலாம் என்று ஜெனரேற்றர் விற்க ஒருவர் வருவார். அவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.