ஹார்ட்லின்னா கஷ்டப்பட்டுன்னு அர்த்தம் இல்லீங்க

அப்ரைசல் ஃபார்ம்ல "ஐ ஹேவ் ஹார்ட்லி ஒர்க்ட் ஆன் திஸ் ப்ராஜெக்ட்"னு எழுதிட்டேன், மேனேஜர் ஏன் முகம் மாறுனார்னு கேட்டிருந்தீங்க. நீங்க நினைச்சது "ராப்பகலா உழைச்சேன்", அவர் படிச்சது "இந்த ப்ராஜெக்ட்ல நான் வேலையே பாக்கல"ங்கிற மாதிரி. ஹார்ட்லின்னா கிட்டத்தட்ட இல்லவே இல்லன்னு அர்த்தம்.

குவிக், குவிக்லி மாதிரி லி சேத்தா சரியா வரும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்துட்டாங்க, ஆனா ஹார்ட் அப்படியே வினையோடயும் வரும், அதுக்கு லி தேவையில்ல, அதனால "ஐ ஹேவ் ஒர்க்ட் ஹார்ட்"னு மாத்துங்க போதும். பழைய இங்கிலீஷ்ல ஹார்ட்லிக்கு நீங்க நினைச்ச அர்த்தமே இருந்துச்சு, 16-ம் நூற்றாண்டுவாக்குலதான் "அரிதா, அரைகுறையா"ங்கிற பக்கம் திரும்புச்சு, அதனால நீங்க யோசிச்ச விதம் ஒண்ணும் முட்டாள்தனம் கிடையாது.

லேட், லேட்லியும் இதே கதைதான். "ஹி கேம் லேட்"னா தாமதமா வந்தான், லேட்லின்னா சமீப காலமா.

இன்னொண்ணு, ஹார்ட்லிக்குள்ளயே "இல்ல" இருக்கு, அதனால "ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர்"னு எழுதாதீங்க, "ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ"ன்னா "நீங்க பேசுறது சரியாவே கேக்கல"ன்னு வந்துரும்.

மேனேஜர்கிட்ட இன்னைக்கே ரெண்டு வரி மெயில் போட்டு, ஹார்ட்னு எழுத வேண்டியது ஹார்ட்லின்னு ஆயிடுச்சு, ஃபார்ம்ல திருத்திக்கலாமான்னு கேளுங்க, ரேட்டிங் முடியுறதுக்கு முன்னாடி கேட்டுருங்க.